திருச்சியில் பழைய மரச் சன்னல்களை மாற்ற உண்மையில் எவ்வளவு ஆகும்? (9 சன்னல், 2 வென்டிலேட்டர்)

தில்லைநகர்_மாடி

வணக்கம். திருச்சி தில்லைநகரில் 1994-ல் கட்டிய வீடு, கீழும் மேலுமாக இரண்டு தளம். எல்லாம் மரச் சன்னல். கம்பிகள் மரச்சட்டத்துக்குள்ளேயே செருகியவை. அளவு: 5×4 அடி இரண்டு, 4×4 ஐந்து, 3×4 இரண்டு, குளியலறை வென்டிலேட்டர் 2×1½ இரண்டு. இதில் மேற்கு பார்த்தவை மூன்று: ஒரு 5×4, இரண்டு 4×4. கீழ்த்தளத்தில் இரண்டு 4×4 சன்னல்களின் அடிச்சட்டம் உளுத்துவிட்டது.

யுபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) ஸ்லைடிங், அதாவது பக்கவாட்டில் நகரும் சன்னல், கொசுவலையோடு, மூன்று இடத்தில் விலை கேட்டதில் சதுர அடிக்கு ரூ.480, ரூ.650, ரூ.890 என்று சொல்கிறார்கள். மூவரும் காட்டும் மாதிரி பார்வைக்கு ஒன்றுபோல்தான் இருக்கிறது. கையில் ஒரு லட்சம் ஒதுக்கியிருக்கிறது. போதுமா? எந்த விலை நியாயம்?

மட்டக்கோல்

சதுர அடி விலையை வைத்து மட்டும் பட்ஜெட் போட்டால் பாதி வழியில் பணம் தீர்ந்துவிடும். உங்கள் அளவுக்கே கணக்குப் போடுகிறேன். 650 என்று வைத்துக்கொள்வோம்.

சன்னல்கள் 40 + 80 + 24 = 144 சதுர அடி. 144 × 650 = 93,600. வென்டிலேட்டர் 3 சதுர அடிதான், ஆனால் அந்த அளவுக்கு யாரும் பில் போடமாட்டார்கள். குறைந்தபட்ச அளவு என்று ஒன்று வைத்திருப்பார்கள். ஒன்றுக்கு 3,500 வீதம் 7,000. ஆக 1,00,600. ஜிஎஸ்டி 18 சதவீதம் 18,108. இங்கேயே 1,18,700 தாண்டிவிட்டது. இனிமேல்தான் கொட்டேஷனில் இல்லாதவை வருகின்றன:

கிரில்: கம்பி மரத்துக்குள் இருப்பதால் மரத்தோடு அதுவும் போய்விடும். புதிதாக ஏறத்தாழ 167 கிலோ, கிலோ 130 வீதம் 21,700.
பழைய சட்டத்தைப் பெயர்த்து, ஓரம் பூசி முடிக்க கொத்தனார், சித்தாள் கூலி: 18,000.
சிமென்ட், மணல்: 4,000.
சன்னல் அடியில் கிரானைட் பலகை, 36 அடி நீளம், 9 அங்குல அகலம்: 5,000.
பட்டி, பெயின்ட்: 12,000. ஓரத்தில் மட்டும் அடித்தால் திட்டுத் திட்டாகத் தெரியும்; அந்தச் சுவர் முழுக்க அடிக்கத்தான் வேண்டும்.
இடிபாடு ஏற்றி அனுப்ப: 3,000.

கூட்டினால் சுமார் 1,82,400. மொத்தப் பரப்பு 150 சதுர அடி. அதாவது 650 என்று ஆரம்பித்த விலை உங்கள் கையை விட்டுப் போகும்போது 1,200-க்கு மேல். கூலி இடத்துக்கு இடம் மாறும், ஆனால் சன்னலுக்கும் மற்ற வேலைக்கும் உள்ள விகிதம் பெரிதாக மாறாது. புது வீட்டில் இந்தச் செலவு கட்டட ஒப்பந்தத்துக்குள் கரைந்துவிடும். பழைய வீட்டில் ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்து நிற்கும்.

யுபிவிசி_பட்டறை

மூன்று விலை ஏன் என்பதற்குத் தொழில் பக்கத்திலிருந்து பதில்.

முதலில் ப்ரொஃபைல், அதாவது சட்டம் செய்யும் பிளாஸ்டிக் குழல். குறுக்கே வெட்டிய துண்டு ஒன்று கேட்டு வாங்குங்கள். தராதவரிடம் வாங்க வேண்டாம். வெர்னியர் (நுண்ணளவு எடுக்கும் கருவி) வைத்து அந்தத் துண்டின் வெளிச்சுவர்த் தடிமனை அளந்து பாருங்கள். ஐரோப்பிய தரம் இ.என். 12608-ன்படி வெளியே தெரியும் சுவர் ‘ஏ’ வகுப்புக்கு 2.8 மி.மீ., ‘பி’ வகுப்புக்கு 2.5 மி.மீ. குறையக்கூடாது. 480-க்குக் கொடுக்கும் சரக்கில் பெரும்பாலும் 2 மி.மீ. சுற்றித்தான் இருக்கும். அதே தரத்தில் கடும் வெயில் நாட்டுக்கு ‘எஸ்’, மிதமான நாட்டுக்கு ‘எம்’ என்று பிரிவு உண்டு. நமக்கு ‘எஸ்’ வேண்டும். டைட்டானியம் டைஆக்சைடு குறைந்தால் வெயிலில் மஞ்சளாகும். விலை குறைக்கச் சுண்ணாம்புத் தூளை அதிகம் கலந்தால் நாளடைவில் முறியும்.

இரண்டாவது, உள்ளே போடும் ஜிஐ (துத்தநாகம் பூசிய) இரும்பு. இதில்தான் ஏமாற்று அதிகம். வெளி ஃப்ரேமில் போட்டுவிட்டு நகரும் கதவில் போடாமல் விடுவார்கள். ஒரு காந்தத்தைச் சட்டத்தின் மேல் வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெல்ல இழுத்துப் பாருங்கள். எங்கே பிடி விடுகிறதோ அங்கே இரும்பு இல்லை. மூலையில் வெல்டிங்குக்காகச் சில அங்குலம் விட்டிருப்பார்கள், அது சரி. நடுவில் விட்டால் சரியில்லை. 4 அடி உயரக் கதவில் இரும்பு இல்லாவிட்டால் ஆடிக் காற்றுக்கு நடுச்சட்டம் வளைந்து, பூட்டு கொக்கியில் விழாது.

மூன்றாவது, சில்லறைச் சாமான். 5×4 ஸ்லைடிங்கில் ஒரு கதவு 2½×4 அடி. 5 மி.மீ. கண்ணாடியே 11½ கிலோ, சட்டத்தோடு 17 கிலோ வரும். இதை ஒற்றை நைலான் சக்கரத்தில் ஓட்டினால் சக்கரம் தட்டையாகிக் கதவு இழுபடும். பேரிங் வைத்த இரட்டைச் சக்கரம் கேளுங்கள். பூட்டு ஒரு இடத்தில் பிடிப்பதா, இரண்டு மூன்று இடத்தில் பிடிப்பதா என்பதும் விலையில் சேரும். கொசுவலை ஃபைபர் என்றால் மலிவு. எஸ்எஸ் 304 (துருப்பிடிக்காத எஃகு) வலை விலை கூட, ஆனால் பூனையும் எலியும் கிழிக்காது.

650-க்கு 2.5 மி.மீ. சுவர், இரு கதவிலும் இரும்பு, 5 மி.மீ. டஃபன்டு (சூடாக்கிப் பதப்படுத்திய) கண்ணாடி, இரட்டைச் சக்கரம் எல்லாம் எழுத்தில் இருந்தால் நியாயமான விலை. 890-ல் என்ன கூடுதல் என்று கேளுங்கள். பெயருக்கு மட்டுமே கூடுதல் என்றால் தேவையில்லை.

உறையூர்_தச்சு

எல்லாரும் மாத்துற கணக்கே போடுறீங்க. ஒன்பதையும் எதுக்கு மாத்தணும்? 1994 வீடுன்னா நிலையும் சன்னலும் தேக்கு இல்லாட்டி வேங்கையா இருக்க வாய்ப்பு அதிகம். நல்ல மரத்தைப் பிடுங்கிப் போட்டுட்டு பிளாஸ்டிக் வைக்கிறது மனசுக்கு ஒப்பலை, கணக்குக்கும் ஒப்பாது.

மொதல்ல சோதிச்சுப் பாருங்க. சின்ன ஸ்க்ரூ டிரைவர் எடுத்து ஒவ்வொரு சன்னல்லயும் அடிச்சட்டத்துல, அப்புறம் நிக்கிற சட்டத்தோட கீழ் அரை அடியில குத்துங்க. பெயின்ட் மேல நல்லா இருக்கும், உள்ள பஞ்சா இருக்கும். கால் அங்குலத்துக்கு மேல சுலபமா இறங்கினா அந்த இடம் போச்சு. சுவரோட ஒட்டுற பக்கம் தட்டிப் பாருங்க. கனத்த சத்தம் வரணும். டொக்கு டொக்குன்னு காலியா கேட்டா கரையான் உள்ள தின்னிருக்கு.

அடிச்சட்டம் மட்டும் உளுத்திருந்தா அதை மட்டும் வெட்டிப் புதுக்கட்டை ஒட்டுப் போடலாம். பழைய மரமும் புது மரமும் பாதிப் பாதி ஏறி உக்கார்ற மாதிரி வெட்டி, எபாக்சி வச்சு, பித்தளைத் திருகு போடணும். ஆணி அடிச்சா அடுத்த மழையில வாய் பிளக்கும். ஏன் உளுத்ததுன்னும் பாருங்க: சன்னல் திட்டு உள்பக்கமா சாஞ்சிருக்கும், தண்ணி அங்கேயே தேங்கும். அதைச் சரி பண்ணாம எந்தச் சன்னல் வச்சாலும் சுவர் ஊறும்.

நல்லா இருக்கிற சன்னலுக்குச் செலவு: கீல் மாத்தி, கொண்டி மாத்தி, கதவு உரசுற இடத்தைச் சீவி, கண்ணாடிப் பட்டி புதுசா வச்சு, கொசுவலைச் சட்டம் ஒண்ணு செஞ்சு, பெயின்ட் அடிக்க ஒண்ணுக்கு 2,500 ரூபா. அதிகம் போனா 3,000.

மட்டக்கோல்

தச்சர் சொல்வது சரி. ஒரு எச்சரிக்கை மட்டும். 1994 பெயின்ட் என்றால் அதில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே நவம்பர் 2017-ல்தான். ஆகவே பழைய பூச்சை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக்கூடாது, தீ வைத்துச் சுடவும் கூடாது. தண்ணீர் தெளித்து, ஈரத்தாள் போட்டு, முகக்கவசத்தோடு செய்யச் சொல்லுங்கள். சிறு பிள்ளைகள் இருந்தால் அந்த அறைப் பக்கம் விடவேண்டாம். சுரண்டியதைப் பூந்தொட்டி மண்ணில் கொட்டாமல் மூட்டை கட்டுங்கள்.

தில்லைநகர்_மாடி

மிகவும் நன்றி. குத்திப் பார்த்ததில் கீழ்த்தளத்து இரண்டில் அடிச்சட்டம் மட்டுமல்ல, நிற்கும் சட்டத்திலும் ஒரு அடி உயரத்துக்கு உள்ளே காலி. கரையானின் மண் பாதையும் தெரிகிறது. மேற்கு பார்த்த மூன்றிலும் கதவுகள் முறுக்கிக்கொண்டு சட்டம் வெடித்திருக்கிறது. மற்ற நான்கும் கல் மாதிரி இருக்கின்றன.

ஒருவர், “பழைய மரச்சட்டம் அப்படியே இருக்கட்டும், அதற்குள் யுபிவிசி செருகிவிடலாம், சுவரே உடைக்கவேண்டாம்” என்கிறார். செய்யலாமா?

உறையூர்_தச்சு

கரையான் ஏறின சட்டத்துக்குள்ள செருகவே கூடாது. வெளியில பிளாஸ்டிக் பளபளன்னு இருக்கும், பின்னாடி மரம் மாவாகும், கடைசியில திருகுக்குப் பிடிக்க ஒண்ணும் இருக்காது.

யுபிவிசி_பட்டறை

மரம் நன்றாக இருந்தால் செருகலாம். ஆனால் இழப்பு என்ன என்று தெரிந்து செய்யுங்கள். 4 அடி திறப்பில் மரச்சட்டம் இருபக்கமும் 3 அங்குலம் வீதம் எடுத்துக்கொள்ளும். மிச்சம் 3½ அடி. அதற்குள் எங்கள் ஃப்ரேமும் கதவுச் சட்டமும் சேர்ந்து பக்கத்துக்கு 4 அங்குலம். கண்ணாடி அகலம் மூன்று அடிக்குள் வந்துவிடும். ஸ்லைடிங் என்றால் அதிலும் பாதிதான் திறக்கும், ஆகக் காற்று வர ஒன்றரை அடிக்கும் குறைவு. படுக்கையறைக்கு இது போதாது.

கரையான் சட்டத்தைப் பொறுத்தவரை தச்சர் சொன்னதே என் பதிலும். சட்டத்தை எடுத்தபின் திறப்பைச் சுற்றிச் சுவரில் துளை போட்டுக் கரையான் மருந்து செலுத்திவிட்டுப் பூசச் சொல்லுங்கள். பூசியபின் செய்வது இரட்டை வேலை.

துவாக்குடி_வெல்டு

கிரில் பற்றி. மேலே 167 கிலோ என்று போட்டது 12 மி.மீ. சதுரக் கம்பிக்குச் சரியான கணக்கு. விவரம் வேண்டுவோருக்கு: 12 மி.மீ. சதுரக் கம்பி மீட்டருக்கு 1.13 கிலோ, 10 மி.மீ. என்றால் 0.785 கிலோ. 4×4 சன்னலில் 10 கம்பி, மொத்தம் 12.2 மீட்டர். சுற்றுக்கு 25×5 பட்டை 4.9 மீட்டர், மீட்டருக்கு 0.98 கிலோ. ஆக 12 மி.மீ.-ல் 18½ கிலோ, 10 மி.மீ.-ல் 14½ கிலோ. கிரில் கடையில் சதுர அடி விலை சொன்னால் ஏற்காதீர்கள். எடை போட்டு, கிலோ விலைக்கு வாங்குங்கள். சதுர அடி விலை என்றால் கம்பி மெலிவதுதான் நடக்கும்.

பழைய சன்னலை எடுத்த அன்றைக்கே புதியது வராது. யுபிவிசி செய்து வர மூன்று நான்கு வாரம் ஆகும். அதுவரை கீழ்த்தளத்தில் திறந்த ஓட்டையோடு படுக்க முடியாது. இதற்கு வழி டம்மி ஃப்ரேம். 40×20 மி.மீ., 1.6 மி.மீ. கனத்தில் ஜிஐ குழாயால் சரியான மூலைமட்டத்தில் ஒரு சட்டம் அடித்து, அதிலேயே கிரில் கம்பிகளையும் வெல்டு செய்து, சுவரில் பதித்துவிட வேண்டும். 4×4-க்குக் குழாய் 7 கிலோ. கிரிலுக்குத் தனியாகப் போடும் 25×5 பட்டை மிச்சமாவதால் கூடுதல் எடை இரண்டு கிலோ சொச்சம்தான், முந்நூறு ரூபாய். கொத்தனார் அந்தக் குழாயின் விளிம்பை வைத்தே பூசுவதால் திறப்பு இழுத்த நூல் போல நேராக வரும். அன்று இரவே கிரில் இருக்கிறது, பாலித்தீன் கட்டினால் மழைக்கும் கவலையில்லை.

வெல்டு செய்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும். அங்கே துத்தநாக ப்ரைமர் அடித்த பிறகே சுவரில் பதிக்கவேண்டும். இதைச் செய்யாவிட்டால் இரண்டு மழைக்காலத்தில் மூலையிலிருந்து துருநீர் வெள்ளைச் சுவரில் கோடு போடும்.

யுபிவிசி_பட்டறை

டம்மி ஃப்ரேம் நல்ல யோசனை. ஆனால் கிரில்காரரும் நாங்களும் முதலில் பேசிக்கொள்ள வேண்டும். கேஸ்மென்ட் (கீலில் திறக்கும் சன்னல்) ஃப்ரேமின் ஆழம் 60 மி.மீ. சுற்று, வலையோடு வரும் ஸ்லைடிங்குக்கு 100 மி.மீ. வரை போகும். எங்கள் திருகு விழும் கோட்டில் குழாய் இருக்கவேண்டும், கிரில் கதவுக்கு இடிக்கக்கூடாது. ஸ்லைடிங் என்றால் கிரில் வெளியே. வெளிப்பக்கம் திறக்கும் கேஸ்மென்ட் என்றால் கிரில் உள்ளே. அப்போது கைப்பிடியைக் கம்பி இடைவெளி வழியாகத்தான் பிடிக்க வேண்டிவரும். அந்த இடத்தில் கை நுழைகிறதா என்று கம்பி வைக்கும் முன்பே பாருங்கள். கொசுவலைக் கதவு கிரிலுக்கு உள்பக்கம், அறைக்குள் திறப்பதாக வரும்.

அளவெடுப்பு: அகலத்தை மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும், உயரத்தை மூன்று இடத்திலும் எடுத்து, இருப்பதில் சிறியதை எடுத்துக்கொண்டு 10 மி.மீ. கழிப்போம். பக்கத்துக்கு 5 மி.மீ. இடைவெளி கட்டாயம். பிவிசி வெயிலில் நீளும். ஒன்றரை மீட்டர் சட்டம் 40 டிகிரி வித்தியாசத்துக்கு 4 மி.மீ. வரை நீளக்கூடியது. இறுக்கி அடித்து வைத்தால் அக்னி நட்சத்திரத்தில் சட்டம் வயிறு தள்ளும், கதவு ஓடாது. மரக்கலரில் கேட்பவர்களுக்கும் இதையே சொல்வேன்: மேற்கு வெயிலில் கருப்பழுப்புச் சட்டம் வெள்ளையைவிட நிறையச் சூடாகும். அந்தப் பக்கத்துக்கு வெள்ளையே நல்லது.

மட்டக்கோல்

அளவு என்றதும் ஒன்று. பில்லில் எப்படி அளக்கிறார்கள் என்று கேட்டீர்களா? 4 அடி 1 அங்குலம் என்றால் சிலர் 4 அடி 6 அங்குலம் என்று மேலே ஏற்றிவிடுவார்கள். சதுரமாக இருந்தால் உண்மையான பரப்பு 16.67 சதுர அடி, பில்லில் 20.25. ஒரு சன்னலுக்கே 2,300 ரூபாய் வித்தியாசம், அதற்கு மேல் ஜிஎஸ்டி. “மி.மீ. கணக்கில் உள்ளபடி பரப்பு” என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். அல்லது டம்மி ஃப்ரேம் போடும்போதே திறப்பை 4 அடிக்குச் சரியாக அடக்கிவிடுங்கள்.

பொன்மலை_குடியிருப்பு

இடையில் ஒரு கேள்வி. ரயில்பாதைக்குப் பக்கத்து வீடு. சத்தத்துக்காகத்தான் மாற்ற நினைக்கிறோம். இரட்டைக் கண்ணாடி போட்டால் போதுமா?

கண்ணாடி_அளவு

சத்தத்துக்கு முதலில் ஸ்லைடிங்கை விடுங்கள். ஸ்லைடிங்கில் கதவுக்கும் தடத்துக்கும் நடுவே இருப்பது தூரிகை நார்தான். காற்று போகும் இடமெல்லாம் சத்தமும் போகும். இபிடிஎம் ரப்பர் சுற்றிவர அழுத்திப் பிடிக்கும் கேஸ்மென்ட் வேண்டும், பூட்டும் மூன்று இடத்தில் பிடிக்க வேண்டும். கண்ணாடி, 6.38 மி.மீ. லேமினேட்டட்: இரண்டு 3 மி.மீ. கண்ணாடிக்கு நடுவே 0.38 மி.மீ. படலம். அந்தப் படலம்தான் அதிர்வை உறிஞ்சுகிறது. இரட்டைக் கண்ணாடியில் இரண்டும் ஒரே கனம் என்றால் ரயிலின் தாழ்ந்த ஓசைக்குப் பெரிய பலன் தெரியாது, எடை மட்டும் இரண்டு மடங்கு. இவ்வளவும் செய்துவிட்டு ஏசி குழாய் போகும் ஓட்டையையும் வென்டிலேட்டரையும் அடைக்காமல் விட்டால் போட்ட பணம் வீண்.

தில்லைநகர் நண்பருக்கு: உங்கள் மேற்குச் சன்னலில் சூட்டுக்குக் காரணம் சட்டம் அல்ல, கண்ணாடி. யுபிவிசி போட்டால் வீடு குளிரும் என்று விற்கிறார்கள். சன்னலில் பெரும்பரப்பு கண்ணாடிதானே. சாதாரண 5 மி.மீ. தெளிவான கண்ணாடி வெயிலின் சூட்டில் ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விடும். சூடு தடுக்கும் பூச்சுள்ள கண்ணாடி பாதிக்குக் கொண்டுவரும். சதுர அடிக்கு 90 ரூபாய் போலக் கூடும். மேற்குச் சன்னல் மூன்றும் 52 சதுர அடி என்றால் வரியோடு 5,500. வடக்குச் சன்னல்களுக்கு இது தேவையே இல்லை.

பிரதிபலிக்கும் கண்ணாடி வாங்கும்முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பகலில் வெளியிலிருந்து உள்ளே தெரியாது. இரவில் உள்ளே விளக்குப் போட்டால் நேர்மாறு, தெருவுக்கு எல்லாம் தெரியும். திரைச்சீலை எப்படியும் வேண்டும். சன்ஷேடு ஒன்றரை அடி நீட்டியிருப்பது உச்சிவெயிலுக்குத்தான். நாலு மணிக்குச் சாய்ந்து வரும் வெயிலை அது தடுக்காது. வெளியே மூங்கில் தட்டி தொங்கவிட்டால், சூடு கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே நின்றுவிடும். எந்தக் கண்ணாடியும் இந்த வேலையை இவ்வளவு மலிவாகச் செய்யாது.

டஃபன்டு கண்ணாடியின் மூலையில் ஐ.எஸ். 2553 முத்திரை அழியாமல் பதிந்திருக்கும். இல்லையென்றால் டஃபன்டு என்று நம்பாதீர்கள். பதப்படுத்திய பின் டஃபன்டை வெட்டவோ துளைக்கவோ முடியாது. அளவு தவறினால் தூக்கிப்போட வேண்டியதுதான். அதனால்தான் திறப்பு முடிந்தபின் அளவெடுக்கவேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

தில்லைநகர்_மாடி

மழைக்கு ஸ்லைடிங் ஒழுகும் என்று பலர் சொல்கிறார்கள். உண்மையா? மேற்குப் பக்கம் ஐப்பசியில் சாரல் நேராக அடிக்கும்.

யுபிவிசி_பட்டறை

ஒழுகுவதில் பத்தில் எட்டு, பொருத்துவதில் வரும் கோளாறு. தடத்துக்குள் தண்ணீர் வரத்தான் செய்யும். அது வெளியேறவே கீழ்ச்சட்டத்தில் துளைகள் வைத்திருக்கிறோம். உள்தடத்தில் ஒரு துளை, வெளிமுகத்தில் ஒரு துளை, இரண்டும் நேருக்கு நேர் இல்லாமல் தள்ளித்தள்ளி இருக்கும், காற்று நேராக ஊதாமல் இருக்க. கொத்தனார் பூசும்போது வெளிமுகத் துளையைச் சிமென்ட்டால் மூடிவிடுவார். அல்லது கிரானைட் பலகையைத் துளைக்கு மேலே ஏற்றி ஒட்டிவிடுவார். அப்புறம் தண்ணீர் போக இடம் இல்லாமல் அறைக்குள் வழியும். எங்கள் ஊரில் ஆடித் தூசியும் இதே துளையைத்தான் அடைக்கும். ஆடி முடிந்ததும் ஒரு முறை பழைய பல்தேய்க்கும் தூரிகையால் தடத்தைச் சுத்தம் செய்துவிட்டால் ஐப்பசிக்குப் பயமில்லை.

பொருத்திய அன்றே சோதியுங்கள். கதவை மூடி, உள்தடத்தில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். சில நொடியில் வெளியே வடியத் தொடங்க வேண்டும். தேங்கி நின்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

மட்டக்கோல்

அதோடு மூன்று. கிரானைட் பலகை வெளிப்பக்கம் சரிவாக, அடிக்கு கால் அங்குலமாவது இறங்க வேண்டும். சுவரைத் தாண்டி ஒரு அங்குலம் நீட்டி, அடியில் ஒரு காடி வெட்ட வேண்டும், தண்ணீர் சுவரில் திரும்பி ஊறாமல் சொட்டிவிடும். கல் கடையில் காடிக்கு அடிக்கணக்கில் சொற்பக் காசுதான் கேட்பார்கள், ஆனால் கேட்காவிட்டால் போடமாட்டார்கள்.

சுவருக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் நுரைக்கயிறு வைத்து, மேலே நியூட்ரல் சிலிக்கான். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் சிமென்ட் பூச்சில் பிடிக்காமல் உரிந்துவிடும். மஞ்சள் நுரையை மட்டும் அடித்துவிட்டுப் போவார்கள். அது வெயில் பட்டால் பொடியாகும், மேலே சிலிக்கானோ பூச்சோ மூடவேண்டும்.

மூன்றாவது திருகு. மூலையிலிருந்து 150 மி.மீ.-ல் ஒன்று, பிறகு 600 மி.மீ.-க்கு மிகாமல் ஒன்று. 4 அடிப் பக்கத்துக்கு மூன்று. இரண்டு போட்டுவிட்டு நுரையை நம்பச் சொல்வார்கள், ஏற்காதீர்கள். ஸ்ரீரங்கம், உறையூர் பக்கம் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய வீடுகளில் விரிந்து பிடிக்கும் திருகு நிற்காது, செங்கல்லே உதிரும். அங்கே டம்மி ஃப்ரேமுக்குக் கால் வைத்துக் கான்கிரீட்டில் பதிப்பதே வழி. அந்த வீடுகளில் பெரும்பாலும் லிண்டல் (திறப்பின் மேல் வரும் கான்கிரீட் விட்டம்) கிடையாது, தட்டைச் செங்கல் வளைவுதான் இருக்கும். பழகிப்போன மரச்சட்டம் கொஞ்சம் பாரம் தாங்கிக்கொண்டிருக்கும். முட்டுக் கொடுக்காமல் சட்டத்தை உருவவே கூடாது. 1994 வீட்டுக்கு இந்தக் கவலை இல்லை.

உறையூர்_தச்சு

சட்டம் எடுக்கிற முறை: கடப்பாரை போட்டு நெம்பாதீங்க, லிண்டல் பூச்சு முழுசும் வந்துரும். கம்பியை அறுத்து எடுத்துட்டு, நிக்கிற சட்டத்தை நடுவுல ரம்பத்தால ரெண்டா வெட்டி, உள்பக்கமா மடக்கி இழுக்கணும். சுவருக்குள்ள போற இரும்புப் பிடி பக்கத்துக்கு ரெண்டோ மூணோ இருக்கும், அதைக் கட்டிங் மெஷின்ல வெட்டினா சுவர் அதிகம் உடையாது.

ஒரு முக்கியமான விஷயம். மேற்குச் சன்னல் மூணும் வெடிச்சிருந்தாலும் தேக்குன்னா அந்த மரத்துக்கு விலை இருக்கு. 4×4 சட்டம் ஒண்ணுல 5×3 அங்குலக் கட்டை 20 அடி, அதாவது ரெண்டு கன அடிக்கு மேல. “இடிபாட்டோட நாங்களே எடுத்துட்டுப் போறோம், கூலி வேண்டாம்”னு யாராவது சொன்னா உஷாரா இருங்க. அதை மட்டும் ரெண்டா அறுக்காம, சுவரைக் கொஞ்சம் கூடக் கொத்தி முழுசா எடுங்க. பழைய மரக்கடையில கன அடி அளந்து விலை கேளுங்க. கரையான் பட்டதை மட்டும் இடிபாட்டோட அனுப்பிடுங்க, மத்த மரத்தோட சேர்த்து வைக்காதீங்க; பழைய பெயின்ட் இருக்கிறதால எரிக்கவும் வேண்டாம்.

மட்டக்கோல்

அப்படியானால் புதிய கணக்கு. ஐந்து சன்னல் மாற்றம், 84 சதுர அடி × 650 = 54,600. வென்டிலேட்டர் இரண்டு 7,000. ஜிஎஸ்டியோடு 72,700. கிரில் 97 கிலோ, 12,600. கூலி 10,000, சிமென்ட் மணல் 2,500, கிரானைட் 2,900, பெயின்ட் 6,000, இடிபாடு 2,000. மற்ற நான்கு சன்னல் தச்சு வேலை 10,000. மேற்குக் கண்ணாடிக்கு 5,500. மொத்தம் 1,24,000 சுற்றி. முழுவதும் மாற்றுவதைவிட 58,000 குறைவு, வீட்டுக்கு வேண்டியதில் எதுவும் குறையவில்லை.

ஒரு லட்சத்துக்குள் அடங்காது; அதற்குக் கிட்டக் கொண்டுவர வேண்டுமென்றால் வென்டிலேட்டருக்கு அலுமினியச் சட்டத்தில் கண்ணாடிப் பட்டைகள் போடுங்கள், ஒன்று 1,500-க்குள் முடியும். நான்கு சன்னல் தச்சு வேலையைத் தை மாதத்துக்குத் தள்ளுங்கள். கொத்து வேலையை மட்டும் இரண்டு தவணையாகப் பிரிக்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் வீட்டைத் தூசிக்கு மூடி, ஆளை வரவழைத்து, பெயின்ட் கலந்து என்று அதே செலவு திரும்ப வரும்.

தில்லைநகர்_மாடி

தெளிவாகிவிட்டது, எல்லோருக்கும் நன்றி. முன்பணம் எவ்வளவு கொடுக்கலாம்? 70 சதவீதம் கேட்கிறார்கள். பில் வேண்டாமென்றால் 18 சதவீதம் குறைத்துத் தருகிறேன் என்றும் ஒருவர் சொன்னார்.

யுபிவிசி_பட்டறை

50 கொடுங்கள், சரக்கு வீட்டு வாசலில் இறங்கி ப்ரொஃபைலில் அச்சடித்த கம்பெனிப் பெயரையும் கண்ணாடி முத்திரையையும் பார்த்தபின் 40, சொம்புத் தண்ணீர் சோதனை முடிந்தபின் 10. சட்டங்களின் மேல் ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளைப் பூச்சு வேலை முடியும்வரை உரிக்கவேண்டாம், ஆனால் பெயின்ட் முடிந்ததும் அந்த வாரமே உரித்துவிடுங்கள். வெயிலில் மாதக்கணக்கில் கிடந்தால் பசை சட்டத்தோடு ஒன்றிவிடும், சுரண்டினால் கோடு விழும்.

பில் விஷயம்: ப்ரொஃபைலுக்குப் பத்து வருடம் என்று சொல்லும் உத்தரவாதம் பில் நம்பரில்தான் நிற்கிறது. பில் இல்லாமல் வாங்கிய சன்னல் மஞ்சளானால் கம்பெனி உங்களைத் தெரியாது என்றுதான் சொல்லும். அந்தப் பில்லில் ப்ரொஃபைல் பெயர், சுவர்த் தடிமன், இரும்பின் கனம், கண்ணாடி வகை நான்கும் வரி வரியாக இருக்கட்டும். சக்கரத்துக்கும் பூட்டுக்கும் உத்தரவாதக் காலம் தனி. அதைத் தனியாகக் கேட்டு, அதே காகிதத்தில் எழுதச் சொல்லுங்கள்.